கழுதை வழக்கும் பெய்ரூத்தின் ஆயர்களும்

வந்திருந்தவர்கள்: புனித ஈவோ சட்டப் பள்ளியின் தலைவர் ஃபாதர் தெல்மாஸ். மாரோனிய ஆயர் ஜெர்மானோஸ், அவருடைய செயலாளர், செயலாளரின் குடை. ஆர்த்தடாக்ஸ் ஆயர் அக்காப்பியோஸ், அவருடைய கோலைத் தூக்கிவர ஒரு தியாக்கோன். முதலாண்டு மாணவன் ராகிப், வலது கை மாவுக்கட்டில். மூன்றாமாண்டு மாணவன் இஸ்கந்தர், பேயறைந்த முகத்தோடு. வாயிற்காவலர் அபூ தன்னூஸ், தோளில் ஒரு சிவப்பு அங்கி, சரியாகச் சொன்னால் அங்கியில் மிச்சமிருந்தது. பெஞ்சுகளிலும் ஜன்னல் விளிம்புகளிலும் மேசைகளின் மேலும் பள்ளியின் மற்ற மாணவர்கள் எல்லோரும். நடுவில், குற்றம் சாட்டப்பட்ட மில்ஹெம்.

கழுதைக்கு அழைப்பு போகவில்லை.

மில்ஹெம் எதிர்பார்த்தது ஓர் ஆயரை. வந்தது இரண்டு பேர். இரண்டு குதிரை வண்டிகள் ஒரே நேரத்தில் பள்ளி வாசலுக்கு வந்து மூக்கோடு மூக்கு இடித்து நின்றன. எந்த வண்டி முதலில் நுழைவது என்று வண்டிக்காரர்கள் போட்ட கூச்சல் தெருக்கோடி ரொட்டிக்கடை வரை கேட்டது. ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். கடைசியில் ஆயர்கள் இருவரும் இறங்கி நடந்தார்கள். அபூ தன்னூஸ் வாசலின் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். ஆளுக்கொரு கதவு வழியாக, ஒருவரையொருவர் பார்க்காமல், சரிக்குச் சரியாக உள்ளே வந்தார்கள்.

மில்ஹெம் இஸ்கந்தரைப் பார்த்தான். இஸ்கந்தர் மில்ஹெமைப் பார்த்தான். அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

இந்த நிலைமைக்கு வந்த வழி இதுதான்.

புனித ஈவோ வழக்கறிஞர்களின் பாதுகாவலர். அவருடைய திருநாள் மே மாதம் வரும். அன்றைக்குப் பள்ளியில் பாடம் கிடையாது. காலையில் பூசை, மதியம் ஆட்டுக்கறி, அதற்குப் பிறகு மூன்றாமாண்டுக்காரர்கள் ஒரு ‘ரெண்டு காசை’ப் பிடித்து விசாரணை நடத்துவார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பு ரோமர்கள் ஆண்டபோது இதே ஊரில் இருந்த சட்டப் பள்ளியில் புதியவர்களை அப்படித்தான் கேலி செய்தார்கள் என்று ஃபாதர் தெல்மாஸ் ஒருமுறை வகுப்பில் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. சீசரைக் கொன்றது, நோவாவின் பேழையில் ஓட்டை போட்டது என்று ஏதாவது குற்றம் சாட்டுவார்கள். வாதம், பிரதிவாதம் எல்லாம் நடக்கும். தண்டனை பெரும்பாலும் முற்றத்துத் தொட்டியில் ஒரு முக்கு.

இந்த வருடம் நீதிபதி மில்ஹெம். வாய் பெரிது, யோசனை சிறிது. தொட்டியெல்லாம் பழைய கதை என்று அவனுக்குத் தோன்றியது. குற்றவாளி ராகிபைப் பேராசிரியர் அங்கியில் சுற்றி, கழுதை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, புர்ஜ் சதுக்கத்தை ஊர்வலமாகச் சுற்றிவர வேண்டும் என்று தீர்ப்பளித்தான். பெஞ்சுகள் உடையும்படி கைதட்டினார்கள்.

இஸ்கந்தர் அலமாரியிலிருந்து அங்கியை எடுத்துவந்தான். அங்கே இரண்டு இருந்தன. பழையதை எடுப்பதாக நினைத்துப் புதியதை எடுத்தான். தேர்வு நடத்தப் பிரான்சிலிருந்து கப்பலில் வரும் பேராசிரியர்கள் முன்னால் போட்டுக்கொள்ள ஃபாதர் தெல்மாஸ் லியோனில் தைத்து வரவழைத்த அங்கி அது. சிவப்புக் கம்பளித் துணி, தோளில் வெள்ளை ரோமப் பட்டை.

சதுக்கத்தில் டிராம் மணியடித்தது. கழுதை துள்ளியது. ராகிப் தண்டவாளத்தின் மேல் விழுந்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் மில்ஹெமுக்கே கேட்டது. அங்கி சேணத்தில் மாட்டிக்கொண்டு கழுதையோடு போனது. கழுதை மீன் சந்தைக்குள் புகுந்தது. ரோமப் பட்டையைச் சந்தைப் பூனைகள் பங்கு போட்டுக்கொண்டன.

“பெட்டியைக் கட்டு,” என்றார் ஃபாதர் தெல்மாஸ். அவ்வளவுதான். பள்ளியிலிருந்து நீக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்கு மட்டும் உண்டு. விசாரணை கிடையாது.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. பட்டம் கொடுப்பது பிரெஞ்சுக்காரர்கள். பெயர் அனுப்ப வேண்டியது பள்ளி. பள்ளி துரத்தினால் மூன்று வருடப் படிப்பும் போனது போனதுதான். டமாஸ்கஸ் சட்டப் பள்ளியில் போய்ச் சேர்ந்தால் மறுபடி முதலாண்டு. சொந்த ஊரான பத்ரூனில் அவன் அம்மா முசுக்கொட்டைத் தோட்டத்தை விற்று அவனை இங்கே அனுப்பியிருந்தாள். பட்டுத்தொழில் செத்துப்போன ஊருக்கு எதற்கு முசுக்கொட்டை என்று அவனேதான் விற்கச் சொன்னான். இப்போது அந்த ஊருக்குத் திரும்பிப்போய் என்ன செய்வான்? அவனுக்கு ஒரே ஒரு தொழில் தெரியும். பேச்சு.

பெட்டியைக் கட்டும்போதுதான் ரோமச் சட்டக் குறிப்புகள் கையில் கிடைத்தன. பேராசிரியர்கள் சொல்வதை மாணவர்களே எழுதி, கல்லச்சில் ஏற்றி, வருடா வருடம் அடுத்தவர்களுக்கு விற்பார்கள். மூலநூலை எவனும் திறப்பதில்லை. அந்தக் குறிப்பில் ஒரு பக்கத்தின் அடியில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் ஆணை ஒன்று. சட்டம் படிக்க வரும் புதியவர்களிடம் எவனும் குறும்பு செய்யக்கூடாது. பெரிதஸ் நகரத்தில் அப்படிச் செய்பவனைக் கண்டிக்க வேண்டியவர்கள் பீனிசிய மாகாண ஆளுநரும் நகரத்து ஆயரும்.

பெரிதஸ் என்றால் பெய்ரூத்.

மில்ஹெம் பெட்டியை உதைத்துத் தள்ளினான். “டேய் இஸ்கந்தர்! எழுந்திருடா! நான் தப்பிச்சேன்!”

“கழுதை செத்துப்போச்சா?”

“கழுதையை விடு. முதல் நாள் வகுப்புல கிழவர் என்ன சொன்னார்? ஞாபகமிருக்கா?”

இஸ்கந்தருக்கு இருந்தது. பள்ளியில் எல்லோருக்கும் இருந்தது. ஃபாதர் தெல்மாஸ் வருடா வருடம் அதையேதான் சொல்வார். பெரிய யுத்தத்துக்கு முந்தின வருடம் ஒரு பட்டு வியாபாரியின் வீட்டில் பத்துப் பதினைந்து பையன்களோடு இந்தப் பள்ளியைத் தொடங்கினோம். அதுவரை இந்த ஊரில் வக்கீலாக வேண்டுமென்றால் இஸ்தான்புல் போக வேண்டும், இல்லையென்றால் எவனாவது வக்கீலின் பையைத் தலை நரைக்கும் வரை தூக்க வேண்டும். யுத்தம் வந்தது. துருக்கியர்கள் எங்களைத் துரத்திவிட்டு இங்கே குதிரை கட்டினார்கள். திரும்பி வந்தபோது சுவரெல்லாம் தீவனப்பை மாட்டும் கொக்கிகள். இப்போது நீங்கள் தார்பூஷ் தொப்பி மாட்டுகிறீர்களே, அதே கொக்கிகள்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இது புதுப் பள்ளி இல்லை. ரோமர்களின் பள்ளிதான் இது. பூகம்பத்தில் ஊர் இடிந்ததால் விடுமுறை விட்டார்கள். விடுமுறை கொஞ்சம் நீண்டுவிட்டது.

“அதே பள்ளின்னா, அதே சட்டம்!” என்றான் மில்ஹெம். “என்னைத் துரத்த அவருக்கு அதிகாரமே இல்ல. ஆயர்தான் விசாரிக்கணும்.”

இஸ்கந்தர் ஒரு நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு கட்டிலின் மேல் ஏறிக் குதித்தான். “காகிதம் எடுடா!”

மனுவை மூன்று பிரதி எடுத்தார்கள். ஒன்று ஃபாதருக்கு. இன்னொன்றை இஸ்கந்தரிடம் கொடுத்து, “ஆயர்கிட்ட குடுத்துரு,” என்றான் மில்ஹெம். இஸ்கந்தர் எதையும் நேரத்துக்குச் செய்தவன் இல்லை. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் மூன்றாவது பிரதியை மில்ஹெமே போய் ஆயரின் கையில் கொடுத்தான். அந்த ஊரில் கிறிஸ்தவச் சபைக்கு ஓர் ஆயர். மாரோனியனான அவனுக்கு ஆயர் என்றால் ஜெர்மானோஸ். ஆர்த்தடாக்ஸ் வீட்டுப் பிள்ளையான இஸ்கந்தருக்கு ஆயர் என்றால் அக்காப்பியோஸ். இரண்டு வருடம் ஒரே அறையில் ஒரே சட்டிப் பருப்பைத் தின்றவர்கள். எந்த ஆயர் என்று கேட்க வேண்டுமென்று இவனுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் எவனுக்கும் தோன்றியிருக்காது.

ஆயர்கள் ஏன் வந்தார்கள் என்றால், ஃபாதர்கள் பள்ளி நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து எந்த ஆயரிடமும் எதையும் கேட்டதில்லை. இப்போது அந்தப் பள்ளியின் மாணவன் ஒருவன் தங்களுக்கு அதன் மேல் அதிகாரம் உண்டென்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான். சக்கரவர்த்தியின் பெயரால். விடுவார்களா?

ஃபாதர் தெல்மாஸ் மனுவை நின்றுகொண்டு படித்தார். உட்கார்ந்து மறுபடி படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முட்டாப்பயலே,” என்றார். “நல்லா இருக்குடா இது.” பிறகு விரலை ஆட்டினார். “விசாரணை வெச்சுக்கலாம். எல்லார் முன்னாடியும். தோத்தா அன்னிக்கே கிளம்பிடணும். அப்பீல் கிடையாது. சம்மதமா?”

“சம்மதம் ஃபாதர்!” மில்ஹெமுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இப்போது இரண்டு ஆயர்கள் முன்னால் அந்தக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

“மனுதாரர் ஆரம்பிக்கலாம்,” என்றார் ஃபாதர்.

மில்ஹெம் ஆரம்பித்தான். ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான். ஃபாதர் முதல் நாள் சொன்னதை அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினான். பெஞ்சுகளில் சிரிப்பு. “ஆக, ஃபாதரே ஒத்துக்கிட்டார், இது அந்தப் பள்ளிதான்னு. அப்போ ஃபாதர் சக்கரவர்த்தியோட ஆணைக்குக் கட்டுப்பட்டவர். என்னைக் கண்டிக்கிற அதிகாரம் ஆளுநருக்கும் ஆயருக்கும்தான். பீனிசிய மாகாணமும் இப்ப இல்ல, அதுக்கு ஆளுநரும் இல்ல. மிச்சம் இருக்கிறவர் இந்த நகரத்து ஆயர். அவர்...”

“நான்தான்,” என்று இரண்டு ஆயர்களும் எழுந்தார்கள்.

கூடம் அதிர்ந்தது. எவனோ மேசையைத் தட்டினான். மாரோனியப் பையன்கள் ஒரு பக்கமும் ஆர்த்தடாக்ஸ் பையன்கள் ஒரு பக்கமுமாக நொடியில் பிரிந்தார்கள்.

“உக்காருங்க ஆண்டவரே,” என்றார் அக்காப்பியோஸ். “இது எனக்கு வந்த அழைப்பு. எங்க இருக்கை அப்போஸ்தலர் காலத்துலேர்ந்து இந்த ஊர்ல இருக்கு.”

“இருக்கை பழசுதான் ஆண்டவரே. நீங்க அதுல உக்காந்து எத்தனை நாளாச்சு?”

“சக்கரவர்த்தி இந்த ஆணையை எழுதினப்ப உங்க ஆளுங்க மலையில ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க.”

“மேய்ப்பன் வேற என்ன செய்வான்? மீன் பிடிப்பானா?”

“பேதுரு பிடிச்சார்!” என்று ஆர்த்தடாக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் சிரித்த சிரிப்பில் வெளியே விழுந்து, எழுந்து, மறுபடி ஏறினான்.

“அமைதி!” என்றார் ஃபாதர். ஆனால் அவர் கண் பளபளத்தது. “சக்கரவர்த்தி எழுதினப்ப ஊருக்கு ஒரே ஆயர்தான். அதுதான் சிக்கல்.”

அந்த நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரு உள்ளே வந்தார். இன்னொரு சபையான மெல்கியரின் ஆயரிடமிருந்து. “எங்க ஆண்டவர் கேக்கச் சொன்னார். பெய்ரூத் ஆயர் விசாரிக்கிற வழக்குன்னு ஊரெல்லாம் பேச்சு. அவருக்கு ஏன் மனு வரல?”

“கல்தேயருக்கும் ஒண்ணு அனுப்புங்கடா!” “அர்மீனியரை விட்டுட்டீங்களே!” கூடம் முழுக்கக் கத்தினார்கள். அபூ தன்னூஸ் அந்தக் கிழிந்த அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீன் வாடை குப்பென்று பரவியது.

ஜெர்மானோஸ் கையை உயர்த்தினார். “இதோ, என் அதிகாரத்தைக் காட்டறேன். இந்தப் பையனை மன்னிச்சுட்டேன். வழக்கு முடிஞ்சுது.”

மில்ஹெம் இஸ்கந்தரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“அவர் மன்னிச்சது செல்லாது,” என்றார் அக்காப்பியோஸ். “நான் தண்டிக்கிறேன்.”

“என்ன தண்டனை?” என்றார் ஜெர்மானோஸ்.

“அதை இன்னும் முடிவு பண்ணல. ஆனா தண்டிக்கிறேன்.”

மில்ஹெம் மேசை மேல் தாவி ஏறினான். இப்படி ஒரு நிமிடம் வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும் என்று அவனுக்குத் தெரிந்தது. “ஃபாதர்! ஒரே நீதிமன்றம், எதிரெதிரா ரெண்டு தீர்ப்பு! சந்தேகத்தோட பலன் யாருக்கு? குற்றவாளிக்கு! நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?”

கைதட்டலில் சுவர்க் கொக்கிகளிலிருந்து தொப்பிகள் உதிர்ந்தன. இப்போது மாரோனியனும் ஆர்த்தடாக்ஸும் சேர்ந்து தட்டினார்கள். இஸ்கந்தர் விசிலடித்தான். ஃபாதர் தெல்மாஸ் தாடியைத் தடவிக்கொண்டு எதற்காகவோ காத்திருந்தார்.

முன்வரிசையில் ஓர் இடது கை உயர்ந்தது.

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றான் ராகிப். ஒல்லியான பையன். பஸ்தா தெருக்காரன், அப்பாவுக்கு அங்கே துணிக்கடை. வந்ததிலிருந்து இந்தப் பள்ளியில் அவன் வாயைத் திறந்து எவனும் பார்த்ததில்லை. தன் கழுதை விசாரணையில்கூட அவன் பேசவில்லை. “இதுல என்னோட ஆயர் யாரு?”

சிரிப்பு எழும்பிப் பாதியில் நின்றது.

“எங்க தெருவுல ஆயர் இல்ல. முஃப்தி இருக்கார். அவரையும் கூப்பிடலாம்னா ஓடிப்போய்ச் சொல்லிட்டு வர்றேன். ஏற்கெனவே கூட்டம் அதிகமா இருக்கேன்னு பாக்கறேன்.”

இரண்டு ஆயர்களும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உஸ்தாத் மில்ஹெம் நல்லா பேசினார்,” என்றான் ராகிப். உஸ்தாத் என்ற சொல்லை இன்னும் வக்கீலாகாதவனிடம் எப்படிச் சொன்னால் வலிக்குமோ அப்படிச் சொன்னான். “நான் நூலகத்துல அந்த ஆணையைத் தேடிப் படிச்சேன். கையொடிஞ்சவனுக்கு வேற என்ன வேலை? குறிப்புல இல்ல, மூலத்துல படிச்சேன். ஆளுநர் இருக்கார். ஆயர் இருக்கார். அதுக்கடுத்து இன்னொருத்தரும் இருக்காங்க. சட்டம் சொல்லிக்குடுக்கிற ஆசிரியருங்க.”

மில்ஹெமுக்கு அந்தக் குறிப்பின் பக்கம் கண் முன்னால் வந்தது. ஆயர் என்ற சொல்லோடு அடிவரி முடிந்திருந்தது. அடுத்த பக்கத்தில் வேறு தலைப்பு. எவனோ ஒரு சோம்பேறி, எத்தனையோ வருடம் முன்பு, கல்லில் எழுதும்போது இடம் போதாமல் ஒரு வரியை விட்டிருக்கிறான். வருடா வருடம் அதையே அச்சடித்து விற்றிருக்கிறார்கள். போன வருடம் விற்றவர்களில் மில்ஹெமும் ஒருவன்.

“உங்களுக்குத் தெரியுமா ஃபாதர்?” என்றான்.

“நான் இத்தனை வருஷமா ரோமச் சட்டம் சொல்லிக்குடுக்கிறேன்டா. யாராவது ஒருத்தன் மூலத்தைத் திறப்பானான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” ஃபாதர் எழுந்தார். “ஆக எனக்கும் அதிகாரம் இருக்கு. மனு தள்ளுபடி. மில்ஹெம், நீ...”

“நான் இன்னும் முடிக்கல ஃபாதர்,” என்றான் ராகிப்.

ஒரு ரெண்டு காசு, பள்ளித் தலைவரின் பேச்சை வெட்டுகிறான். பின்வரிசைகள் எழுந்து நின்றன.

“இவரைத் துரத்தறதுல எனக்கு என்ன லாபம்? இவர் ஊருக்குப் போய் மரத்தடியில படுத்துக்குவார். அடுத்த மாசம் எழுத்துத் தேர்வு. என் வலது கை கட்டுல இருக்கு. இடது கையால என் பேரைக்கூட எழுத வரல. ஒரு வருஷம் எனக்குத்தான் போகுது. அடிச்சவன் அடிபட்டவனுக்குக் கடன்பட்டவன்னு கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சொல்லிக்குடுத்தீங்க. நாலு பாடம் அதுதான் நடத்தினீங்க. துரத்திட்டா என் கடனை யார் தீர்ப்பா?”

“நீ என்னதான் கேக்கறே?”

“அவர் கையைக் கேக்கறேன்.”

“வெட்டிக் குடுக்கணுமா?” என்று ஜன்னல்காரன் கத்தினான்.

“வெட்டினா எழுதாது. அப்படியே குடுங்க. தேர்வுல நான் சொல்லச் சொல்ல அவர் எழுதணும். வாயைத் திறக்கக் கூடாது. நான் தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும்.”

வாயைத் திறக்கக் கூடாது என்றதும் பள்ளியே ஊளையிட்டது. மில்ஹெமை அறிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஆயர் அக்காப்பியோஸ் கோலால் தரையைத் தட்டினார். “இதுதான் தண்டனை! நான் யோசிச்சுக்கிட்டிருந்தது இதுதான்!”

“அப்படீன்னா மன்னிப்பும் ஆச்சு, வெளியே அனுப்பல,” என்றார் ஜெர்மானோஸ். “நான் சொன்னதுதான் நடக்குது.”

ஃபாதர் சிரிக்கவில்லை. “ஒரு விஷயம். முதலாண்டுத் தேர்வும் மூன்றாமாண்டுத் தேர்வும் ஒரே காலையில, ஒரே நேரத்துல. மில்ஹெம், நீ இவனுக்கு எழுதினா உன் தேர்வை எழுத முடியாது. நவம்பர்ல வர்ற கப்பலுக்குக் காத்திருக்கணும். தோத்தவங்களோட.”

ஜூனில் முதலாவதாக வருபவனுக்குத்தான் தங்கப் பதக்கம். அது மில்ஹெமுக்குத்தான் என்று பள்ளிக்கே தெரியும். நவம்பரில் பதக்கம் இல்லை. வாசலில் ஒட்டும் பட்டியலில் தோற்றவர்கள் நடுவே அவன் பெயர் இருக்கும். ஏன் என்று கீழே விளக்கம் எழுத மாட்டார்கள். பத்ரூனிலிருந்து வருகிற எவனாவது அதைப் படித்துவிட்டுப் போய் அம்மாவிடம் சொல்வான்.

“என் கையெழுத்து படு மோசம் ஃபாதர்,” என்றான். கடைசி முயற்சி.

“பரவாயில்ல,” என்றான் ராகிப். “படிக்கப்போறது பிரெஞ்சுக்காரங்கதானே.”

மில்ஹெம் மேசையிலிருந்து இறங்கினான். தன்னை இப்படி மடக்கியவன் ஒரு ரெண்டு காசு என்பதில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவன் பார்த்ததிலேயே சிறந்த வாதம் அது. கிழவர் முகத்தைப் பார்த்தான். கிழவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார், குழந்தை மாதிரி முகம் சிவந்து.

“சரி,” என்றான்.

தீர்ப்பில் கையெழுத்து வாங்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. இரண்டு ஆயர்களும் மற்றவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட மறுத்தார்கள். கடைசியில் இரண்டு காகிதத்தில் எழுதி ஆளுக்கொரு காகிதத்தின் உச்சியில் போடவைத்தார்கள். மெல்கிய குருவும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு மாதம் மில்ஹெமுக்கு நரகம். ராகிப் தினமும் அவனைப் பயிற்சிக்கு உட்காரவைத்தான். “அடிமையை விடுவிக்கும் முறைகள் மூன்று,” என்று ராகிப் சொல்வான். நான்காவது ஒன்றும் இருக்கிறது என்று மில்ஹெமின் நாக்கு துடிக்கும். “என்ன உஸ்தாத், மூஞ்சி மாறுது? மூஞ்சியும் பேசக் கூடாது.” மறுநாள் ராகிப் தானாகவே நான்காவதையும் தேடிக்கொண்டு வருவான். அவர்கள் நண்பர்களாகிவிடவில்லை. ராகிப் ஒருநாளும் அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுக்கவில்லை. கை வலிக்கிறபோது அவன் பல்லைக் கடிப்பதை மில்ஹெம் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேனாவில் மை தொட்டான்.

கப்பல் வந்தது. வெயில் தொப்பி போட்ட மூன்று பிரெஞ்சுப் பேராசிரியர்கள் வியர்த்து வழிந்துகொண்டு இறங்கினார்கள். ஃபாதர் தெல்மாஸ் பழைய அங்கியில் அவர்களை வரவேற்றார். தேர்வுக் காலையில் பள்ளி முற்றம் தேனீக் கூட்டம் போல இரைந்தது. ஒருவன் சட்டப் பிரிவுகளை முணுமுணுத்தான், ஒருவன் எள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்தான், ஒருவன் சுவரோரம் வாந்தியெடுத்தான். மணி அடித்ததும் மூன்றாமாண்டுக்காரர்கள் மொத்தமாகப் பெரிய கூடத்துக்குள் பாய்ந்தார்கள்.

“நவம்பர்ல பாக்கலாம்டா!” என்று இஸ்கந்தர் படியிலிருந்து கத்தினான்.

“நீயும் நவம்பருக்குத்தான் வருவே, நான் உன் குறிப்பைப் பாத்திருக்கேன்!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதுதான் அன்றைக்கு மில்ஹெம் பேச முடிந்த கடைசி வாக்கியம். சொல்லி எழுதவைக்கிறவர்களுக்குத் தனி அறை. மற்றவர் காதில் விழக்கூடாது, வெளியிலிருந்து எவனும் உதவி செய்யவும் கூடாது. அதனால் நேரம் முடியும் வரை பூட்டிவைப்பார்கள் என்று பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர் விதியைப் படித்துக் காட்டினார். மாடி வராந்தாவின் கடைசியில் இருந்தது அந்த அறை. ராகிப் முன்பே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மேசை மேல் மூடி வைத்த கேள்வித்தாள், வெற்றுத் தாள்கள், மைக்கூடு. அவன் நெற்றியில் வியர்வை. இடது கை விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன. அவனுக்கும் பயம் என்பதை மில்ஹெம் இப்போதுதான் கண்டான். கண்டதும் தன் நெஞ்சும் அதே வேகத்தில் அடிப்பது கேட்டது, தன் தேர்வுக்குக்கூட இப்படி அடித்திருக்காது.

“வாங்க உஸ்தாத்,” என்றான் ராகிப். “பேனா ரெண்டு கொண்டுவந்தீங்களா?”

மில்ஹெம் சட்டைப் பையிலிருந்து மூன்றை எடுத்துக் காட்டினான்.

“உள்ள போடா, நேரமாச்சு,” என்று அபூ தன்னூஸ் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினார். அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்திச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.